முந்திரி போர்மாவுக்கு ஐஆர் சென்சார் 6 வேணும்: எந்த மாடல், எங்கே வாங்குறது?

கேள்வி – செம்மண்டலம்_ஃபேப் (கடலூர்)

பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி யூனிட்டுக்கு போர்மா (பருப்பு உலர்த்தும் சூடான அறை) செய்கிறோம். தட்டு வண்டி தள்ளும் பழைய வகை இல்லை, மெஷ் பெல்ட்டில் பருப்பு தொடர்ந்து நகரும் வகை.

பெல்ட் அகலம் 600 மி.மீ., எஸ்.எஸ். 304 வலை. பருப்பு 40 மி.மீ. கனத்துக்குப் பரவும். அறை மூன்று மண்டலம், காற்று செட்டிங் 75, 72, 68 °செ. காற்று கீழிருந்து மேலே போகும். ஹீட்டர் ஃபின் வகை, பக்க டக்டில் இருக்கிறது. முழு லோடில் ஃபின் மேற்பரப்பு 250 °செ. வரை போகும், டக்ட் வாய் வழியாக அறைக்குள் கொஞ்சம் தெரியும். சுவர் இரண்டு எஸ்.எஸ். தகட்டுக்கு நடுவே 75 மி.மீ. கிளாஸ் வூல். பிஎல்சியில் (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) ஒரு ஆர்எஸ்-485 தகவல் போர்ட்டும் 4 அனலாக் இன்புட்டும் காலியாக உள்ளன.

பருப்பின் மேற்பரப்பு வெப்பத்தை ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாரால் தொடாமல் அளக்க வேண்டும். மண்டலத்துக்கு 2 வீதம் 6 சென்சார், ±1 °செ. போதும். பார்ட்டி சொல்வது ஒன்றுதான்: டபிள்யூ 320 (முழு வெள்ளைப் பருப்பு) போகவேண்டிய பருப்பு கருகி எஸ்.டபிள்யூ. (கருகிய முழுப் பருப்பு) கிரேடுக்கு இறங்கக் கூடாது.

எம்எல்எக்ஸ்90614 (ஐஆர் சென்சார்) என்று தேடினால் அது பொருத்திய ஜிஒய்-906 மாட்யூல் சல்லிசாக வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் வெறும் சென்சாருக்கே அதைவிடப் பல மடங்கு விலை. இரண்டும் ஒன்றுதானா? சென்னை ரிச்சி தெருவா, பாண்டிச்சேரியா, வெளியிலிருந்து வரவழைப்பதா?

---

பதில் 1 – தட்டாஞ்சாவடி_கருவி (புதுச்சேரி)

சார், "எம்எல்எக்ஸ்90614" என்று மட்டும் கேட்டு வாங்குவது துணிக்கடையில் "சட்டை கொடுங்க" என்று கேட்பது மாதிரி. அளவு கடைசி மூன்று எழுத்தில்தான் இருக்கிறது.

முதல் எழுத்து ஏ என்றால் 5 வோல்ட், பி என்றால் 3 வோல்ட், டி என்றால் 3 வோல்ட் மருத்துவத் துல்லியம். இரண்டாவது எழுத்து ஏ என்றால் ஒற்றை மண்டலம், பி என்றால் இரட்டை மண்டலம், சி என்றால் வெப்பச் சரிவு ஈடுசெய்யும் வகை. மூன்றாவது எழுத்து பார்வைக் கோணம்: ஏ 90°, சி 35°, எஃப் 10°, எச் 12°, ஐ 5°. இவற்றுக்கு முன்னால் வரும் இ, கே என்பவை சென்சாரின் உடல் எவ்வளவு சூடு தாங்கும் என்பது: இ என்றால் 85 °செ. வரை, கே என்றால் 125 வரை.

சல்லிசாகக் கிடைக்கும் ஜிஒய்-906 பெரும்பாலும் பிஏஏ. அதாவது 90°. அதை பெல்ட்டுக்கு 150 மி.மீ. மேலே வைத்தால் பார்க்கும் வட்டம் 300 மி.மீ. கணக்கு எளிது: தூரம் × 2 × டேன்(கோணத்தில் பாதி). இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டேட்டாஷீட் சொல்லும் கோணம் சிக்னல் பாதியாகும் இடம். வட்டத்துக்கு வெளியே இருப்பதும் அளவில் கலக்கும். அதனால் இலக்கு அந்த வட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 300க்கு இரண்டு மடங்கு 600, உங்கள் பெல்ட் விளிம்புக்கு விளிம்பு அதே 600. பக்கச் சுவரும் டக்ட் வாயும் கணக்கில் வந்துவிடும். இதே 150 மி.மீ.க்கு 35° வகை 95 மி.மீ. வட்டம் பார்க்கும், 10° வகை 26 மி.மீ.

டிசிஐ-யைப் பார்த்து மயங்க வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அது நிறைய மாட்யூலில் வருகிறது. அந்த டி-க்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு மனித உடல் சூட்டைச் சுற்றிய சின்ன எல்லைக்குள் கிடைக்கும் துல்லியத்துக்கு. பருப்புக்குக் காய்ச்சல் பார்க்கப் போவதில்லையே.

±0.5 °செ. என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் சென்சாரின் உடலும் இலக்கும் அறை வெப்பத்தை ஒட்டி இருக்கும்போதுதான். உடல் 50 °செ.க்கு மேல் போனால் பிழை எல்லை விரியும். அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு, சென்சாரை அறைக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். எங்கே வாங்குவது என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

---

பதில் 2 – முதுநகர்_பிஎல்சி (கடலூர்)

வெளியதான் அண்ணே வைக்கணும். 75 °செ. காத்துக்குள்ள இ கிரேடை மாட்டினா 85க்கு 10 டிகிரிதான் மிச்சம். ஃபேன் பெல்ட் அறுந்து காத்து நின்னா ஹீட்டர் பக்கம் அதைத் தாண்டிடும். கே கிரேடு இருக்கு, ஆனா நமக்கு வேண்டிய எழுத்தோட எப்பவும் கிடைக்கும்னு நம்பி டிசைன் பண்ணாதீங்க.

கூரைத் தகட்டுல 40 மி.மீ. உள்விட்டக் குழாய் ஒண்ணு வெல்டு பண்ணி, 75 மி.மீ. இன்சுலேஷனைத் தாண்டி மேல ஒரு 20 மி.மீ. நீட்டி, சென்சாரை அதோட தலையில வைங்க. குழாய் நீளம் 95. 10° வகை குழாயோட கீழ் வாயில 17 மி.மீ. வட்டம் பார்க்கும், குழாய் சுவர்ல படாது. 35° வகையை இதுல போட்டா 60 மி.மீ., அது பருப்பைப் பார்க்காது, குழாயைத்தான் பார்க்கும். நிறைய பேர் தடுக்கி விழற இடம் இது. அறைக்குள்ள வைக்கறதுக்குச் சரியான சென்சார் வெளிய வெச்சா தப்பு. ஆக பிசிஎஃப் (3 வோல்ட், வெப்பச் சரிவு ஈடுசெய்யறது, 10°).

குழாய் வாயிலேருந்து பருப்புக்கு 150ன்னா மொத்தம் 245, வட்டம் 43 மி.மீ. ஒரு சில பருப்புதான் தெரியும். பெல்ட் நகருதே, 15 விநாடி சராசரி எடுத்துக்குங்க.

அடுத்தது ஆவி. பருப்புல ஓட்டெண்ணெய் கொஞ்சம் ஒட்டிதான் வரும். அந்தப் பிசுக்கு சென்சார் ஜன்னல்ல படிஞ்சா அளவு மெல்ல மெல்ல இறங்கும். அளவு இறங்கினா பிஎல்சி சூடு பத்தலைன்னு ஹீட்டரை இன்னும் ஏத்தும். கருகறது அப்படித்தான். அதனால குழாய்க்குப் பக்கவாட்டுல 6 மி.மீ. நிப்பிள் வெச்சு சுத்தமான காத்து விடுங்க. கம்ப்ரசர் காத்துன்னா எண்ணெய், தண்ணி பிரிக்கிற ஃபில்டர் கட்டாயம். எவ்வளவு காத்து? குழாயோட கீழ் வாயில ஒரு பஞ்சுத் துணுக்கைப் பிடிச்சா மெல்லத் தள்ளணும், அவ்வளவு போதும். நிப்பிளை சென்சாருக்கு நேரா வைக்காதீங்க. குளிர்ந்த காத்து டிஓ-39 டப்பாவோட (சென்சாரோட உலோக உறை) ஒரு பக்கத்துல அடிச்சா டப்பாவுக்குள்ளயே வெப்பச் சரிவு வந்து அளவு ஆடும். இரண்டாவது எழுத்து சி கேக்கறதும் இதுக்காகத்தான். ஆனா அதை மட்டும் நம்பாம, சென்சாரை ஒரு அலுமினிய உருண்டைக் கட்டையில துளை போட்டு இறுக்கமா உக்கார வைங்க. டப்பா முழுக்க ஒரே சூடா இருக்கும்.

கண்ணாடி ஜன்னல் மட்டும் போட்டுடாதீங்க. இந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி சுவர் மாதிரி. சென்சார் கண்ணாடியோட சூட்டைத்தான் சொல்லும்.

---

செம்மண்டலம்_ஃபேப்

இரண்டு பேருக்கும் நன்றி. குழாய் யோசனை சரியாகப் படுகிறது. ஜெர்மானியம் ஜன்னல் போட்டால் காற்று தேவைப்படாது அல்லவா? இன்னொன்று, எமிசிவிட்டி (மேற்பரப்பு வெப்பக் கதிரை வெளிவிடும் திறன்) எவ்வளவு வைப்பது? எஸ்.எஸ். வலை இடைவெளியில் தெரிந்தால் எவ்வளவு பிழை வரும்?

---

பதில் 3 – உலர்_வெப்பம் (புதுச்சேரி)

ஜெர்மானியம் நல்ல பொருள்தான், ஆனால் பூச்சில்லாத ஜெர்மானியம் பாதிக்கு மேல் தடுத்துவிடும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போட்டது வேண்டும், அது விலை. 100 °செ.க்கு மேல் அதுவே மங்கிவிடும். பிசுக்கு அதன் மேலும் படியும், ஆகவே துடைக்கும் வேலை குறையாது. மலிவான வழி மெல்லிய ஹெச்டிபிஇ பாலிதீன் தாள்: குழாய் வாயில் வளையம் போட்டு இழுத்துக் கட்டி, அழுக்கானதும் மாற்றிவிடலாம். தாளும் கொஞ்சம் தடுக்கும் என்பதால், தாள் இருக்கும் நிலையிலேயே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். காற்று விடுவதை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் நம்புவதற்கு நான் ஆதரவில்லை.

எமிசிவிட்டி. பருப்பு, தோல், மரம் எல்லாம் 0.95 சுற்றுவட்டாரம். அறைச் சுவர் எல்லாம் 75 °செ., பருப்பு 65 °செ. என்று வைத்து, எமிசிவிட்டியை 1 என்றே விட்டாலும் சென்சார் ஏறக்குறைய 65.5 காட்டும். அரை டிகிரிதான் பிழை. ஆனால் பருப்பு திருப்பி அனுப்பும் கதிரில் பத்தில் ஒரு பங்கு 250 °செ. ஹீட்டர் ஃபின்னிலிருந்து வருகிறது என்று வையுங்கள், அளவு 67.4 ஆகிவிடும். உங்கள் ±1 போய்விட்டது. எமிசிவிட்டி எண்ணைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஹீட்டர் ஆன், ஆஃப் ஆகும்போதெல்லாம் பிழை மாறும். டக்ட் வாய்க்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு வளைத்து வையுங்கள். ஒரு தகட்டுத் துண்டும் நாலு ரிவெட்டும் விலையுயர்ந்த சென்சாரைவிட அதிகம் செய்யும். எஸ்.எஸ். வலை நேராகத் தெரிந்தால் கதை இன்னும் மோசம். பளபளப்பான எஸ்.எஸ். எமிசிவிட்டி 0.2க்கும் கீழே இருக்கலாம், அது தன் சூட்டைச் சொல்லாமல் கூரையின் சூட்டைப் பிரதிபலிக்கும். 40 மி.மீ. கனம் இருக்கும்வரை கவலையில்லை. ஃபீடர் வெறும் பெல்ட்டை விடும் நேரத்து அளவைப் பிஎல்சி ஒதுக்க வேண்டும்.

இனி ஒரு கேள்வியை நானே கேட்கிறேன்: ஆறு எதற்கு?

ஈரப் பருப்பு முதல் மண்டலத்தில் நுழையும்போது ஆவியாதல் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். காற்று 75 என்றாலும் பருப்பு அதைவிட நன்றாகக் கீழே நிற்கும், அங்கே கருக வாய்ப்பு குறைவு. காய்ந்துகொண்டே போகும்போது பருப்பின் சூடு காற்றின் சூட்டை நோக்கி ஏறும். ஆபத்து கடைசி மண்டலத்தில்தான். அதுமட்டுமில்லை, காற்றுக்கும் பருப்புக்கும் உள்ள வித்தியாசமே எவ்வளவு காய்ந்தது என்பதற்கு ஒரு குறி. கடைசி மண்டலத்து நுழைவில் வித்தியாசம் சுருங்கிவிட்டால் பெல்ட் வேகத்தைக் கூட்டலாம். தோல் நொறுங்கும் பதம் வந்த பிறகும் பருப்பை உள்ளே வைத்திருப்பதுதான் நிறத்தைக் கெடுக்கிறது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஐஆர் பார்ப்பது மேல் அடுக்கின் தோலை மட்டும். உங்கள் காற்று கீழிருந்து வருகிறது, கீழ் அடுக்குதான் முதலில் காயும், முதலில் கருகும். மேலே எத்தனை ஐஆர் வைத்தாலும் அது தெரியாது. கீழ்ப்பக்கக் காற்றுக்கு ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு பிடி100 (தொட்டு அளக்கும் வெப்ப சென்சார்) வையுங்கள்.

ஆக, காற்றுக்கு 3 பிடி100, ஐஆர் 3: இரண்டாம் மண்டலத்தின் முடிவில் ஒன்று, மூன்றாம் மண்டலத்தின் நுழைவிலும் வெளிவாயிலும் ஒவ்வொன்று. முதல் மண்டலத்துக்கு ஐஆரே வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் அந்த வெளிவாய் ஒன்றை மட்டும் தொழிற்சாலைத் தர 4–20 மில்லி ஆம்பியர் பைரோமீட்டராக (தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி) போடலாம். ஆப்ட்ரிஸ் சிடி வரிசை மாதிரி, தலை தனி, மின்னணுப் பெட்டி தனி. 8–14 மைக்ரானில் அளப்பதால் நீராவியின் தொல்லை குறைவு. எம்எல்எக்ஸ் 5.5 மைக்ரானிலேயே தொடங்குகிறது, ஈரக் காற்று நீளமாக இருந்தால் கொஞ்சம் ஏமாறும். அதே வரிசையில் சிடி ஹாட் என்பதன் தலை 250 °செ. சுற்றுச்சூட்டில் குளிரூட்டாமல் நிற்கும், ஆனால் உங்கள் 75க்கு அது யானைக்கு வாங்கும் சங்கிலியை ஆட்டுக்குக் கட்டுவது. சாதாரண சிடி எல்டி தலையே போதும். 15:1 ஒளியியல் கேளுங்கள்: 245 மி.மீ.யில் வட்டம் 16 மி.மீ. சுற்று.

---

பதில் 4 – பில்_புக் (புதுச்சேரி)

எங்கே வாங்குவது என்பதற்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் சுருக்கமாக.

ரிச்சி தெருவில் பெரும்பாலும் பிஏஏ மாட்யூல்தான் கிடைக்கும். பிடி100, எஸ்எஸ்ஆர் ரிலே, கேபிள் கிளாண்ட், எம்12 கனெக்டருக்கு அங்கே போங்கள். பிசிஎஃப் வெறும் சென்சாருக்கு எலிமென்ட்14, மவுசர், டிஜிகீ, ஆர்எஸ் இவற்றில் முழு பார்ட் நம்பர் போட்டுத் தேடுங்கள், கையிருப்பு எண்ணைப் பாருங்கள். "ஃபேக்டரி லீட் டைம்" என்று வாரக்கணக்கில் காட்டினால் அந்த எழுத்தை நம்பி டிராயிங்கை முடிக்க வேண்டாம்.

ரூபாயில் பில் போட்டு, கஸ்டம்ஸ் அவர்களே கட்டும் முறை இருந்தால் அதையே எடுங்கள். இறக்குமதியாளர் நீங்கள்தான் என்றால் ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதி) எண் வேண்டும், டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் 500 ரூபாய். பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்க ஆவணம்) உங்கள் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி எண்) ஏறியிருக்கிறதா என்று கூரியர்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஏறாவிட்டால் கட்டிய ஐஜிஎஸ்டியைக் கிரெடிட் எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

பாண்டிச்சேரி டீலரிடம் பைரோமீட்டர் எடுத்தால் ஒரு எச்சரிக்கை. கடலூர் அரை மணி தூரம்தான், ஆனால் அவர் ஜிஎஸ்டி எண் 34ல் தொடங்கும், உங்களது 33. கடலூருக்கு அனுப்பும் சரக்குக்குப் பில்லில் ஐஜிஎஸ்டிதான் இருக்க வேண்டும். பழக்கத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிட்டால் உங்களுக்குக் கிரெடிட் கிடைக்காது.

பைரோமீட்டருக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்டே வாங்குங்கள். இங்கே எடுப்பதென்றால் என்ஏபிஎல் (ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் மட்டும் போதாது. அந்த ஆய்வகத்தின் அங்கீகார வரம்பில் "தொடுகையற்ற வெப்பநிலை" இருக்கிறதா, அதில் 60–80 °செ. வருகிறதா என்று பாருங்கள். பிடி100 மட்டும் செய்யும் இடங்களே அதிகம்.

---

செம்மண்டலம்_ஃபேப்

ஆறை மூன்றாக்கியது பெரிய மிச்சம். பிசிஎஃப் 2 + உதிரி 1, சிடி எல்டி 1 என்று எடுக்கிறேன். பிசிஎஃப்பை நேராக பிஎல்சிக்குக் கொண்டுபோக முடியாதே? பேனல் 7 மீட்டர் தள்ளி இருக்கிறது. வந்த சரக்கு சரியான எழுத்துதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பதில் 5 – முதுநகர்_பிஎல்சி

7 மீட்டருக்கு ஐ2சி (சென்சாரோட தகவல் லைன்) இழுக்காதீங்க. கான்டாக்டர் ஒரு தடவை அடிச்சா போதும், பஸ் தொங்கிடும். ஒவ்வொரு தலையிலயும் ஒரு சின்ன கன்ட்ரோலரும் 485 சிப்பும் வெச்சு, மோட்பஸ் ஆர்டியூவா (485 லைன்ல தகவல் அனுப்பற முறை) மாத்தி அனுப்புங்க. சென்சாருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல 10 செ.மீ.க்குள்ள இருக்கட்டும், கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ், அதுக்கு மேல அது போகாது. 485 லைன்ல ரெண்டு கடைசி முனையில மட்டும் 120 ஓம். ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க.

எல்லா எம்எல்எக்ஸ்90614ம் ஹெக்ஸ் 5ஏ முகவரியிலதான் வரும். தலைக்கு ஒரு கன்ட்ரோலர் இருக்கறதால அதை மாத்தற வேலையும் இல்லை.

புரோகிராம்ல ரெண்டு எண்ணுக்குக் கட்டாயம் தடை போடுங்க. 1037.55 °செ.ன்னு வந்தா சென்சார் பதில் சொல்லலை, பஸ் முழுக்க 1னு அர்த்தம். −273.15ன்னு வந்தா முழுக்க 0. ரெண்டையும் 15 விநாடி சராசரிக்குள்ள விட்டீங்கன்னா ஒரே ஒரு கெட்ட அளவு சராசரியைத் தூக்கி அடிச்சிடும். 3 அளவு தொடர்ந்து கெட்டா ஹீட்டர் ஆஃப், அலாரம் ஆன். பிஇசி பைட்டை (தகவல்ல பிழை இருக்கான்னு காட்டறது) சரிபார்க்கற லைப்ரரியா எடுங்க, சில லைப்ரரி அதைப் படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடும்.

எமிசிவிட்டியை ஈப்ராம்ல (சென்சாருக்குள்ள இருக்கற நினைவகம்) எழுதணும்னா முதல்ல 0 எழுதி அழிச்சு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் புது எண், அப்புறம் பவர் ஆஃப் பண்ணி ஆன். ஒரே தடவை. லூப்புக்குள்ள அந்த வரி இருந்தா ஈப்ராம் தேஞ்சிடும். பக்கத்து செல்லுல ஃபேக்டரி அளவுத்திருத்தம் இருக்கு, அதுல கை வெச்சா திரும்ப வராது. உங்க கேஸுல 1னே விட்டுட்டு பிஎல்சில ஆஃப்செட் குடுக்கறது நிம்மதி.

---

பதில் 6 – தட்டாஞ்சாவடி_கருவி

எழுத்தைச் சரிபார்க்க: பிஏஏ டப்பா குட்டையாக, ஜன்னல் அகலமாக இருக்கும். கோணம் குறையக் குறைய டப்பா உயரும், துளை சிறுக்கும். கண்ணை மட்டும் நம்பாமல், சென்சாரை வைஸில் பிடித்து 300 மி.மீ. தள்ளி சூடான சால்டரிங் அயர்ன் முனையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நடுவில் எவ்வளவு ஏறுகிறதோ அதில் பாதியாகும் இடத்தை இரண்டு பக்கமும் குறியுங்கள். பிசிஎஃப் என்றால் இடைவெளி 52 மி.மீ. சுற்று வரும். 190 வந்தால் கையில் இருப்பது 35° வகை. ஈப்ராமில் ஹெக்ஸ் 1சி முதல் 1எஃப் வரை ஐடி எண் இருக்கும். மூன்று சென்சாரிலும் அது ஒன்றாக இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

அளவு சரிபார்க்க வெந்நீர் வேண்டாம். நீரின் மேற்பரப்பு ஆவியாகி உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும், ஆவி சென்சார் ஜன்னலிலும் படியும். 100 மி.மீ. சதுரம், 25 மி.மீ. கனம் உள்ள அலுமினியக் கட்டை ஒன்று எடுத்து, முகத்தில் மேட் கருப்பு பெயின்ட் அடித்து, முகத்துக்கு 3 மி.மீ. கீழே துளையிட்டு பிடி100 செருகுங்கள். அடியில் ஒரு சின்ன ஹீட்டர். 60, 70, 80 °செ. மூன்றிலும் 15 நிமிடம் நிலைக்க விட்டு, குழாயும் ஓடும் காற்றும் சேர்த்து மாட்டிய நிலையிலேயே குறியுங்கள். சிடி எல்டி தலையையும் அதே கட்டையில் பாருங்கள். மூன்று தலையும் ஒரே கட்டையைப் பார்த்து ஒரே எண் சொன்னால், பிறகு பெல்ட் மேல் வரும் வித்தியாசம் பருப்புடையது.

கடலூர் உப்புக் காற்றுக்கு போர்டில் பாதுகாப்பு வார்னிஷ் அடிப்பீர்கள். அடிக்கும்போது சென்சார் ஜன்னலில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு துளி பட்டாலும் அது துடைத்துப் போகாது.

---

செம்மண்டலம்_ஃபேப்

டக்ட் வாய் மறைப்புக்கு 1.2 மி.மீ. எஸ்.எஸ். தகடு இருக்கிறது. பளபளப்பான பக்கம் பருப்பைப் பார்த்து இருக்கட்டுமா, ஹீட்டரைப் பார்த்தா?

---

பதில் 7 – உலர்_வெப்பம்

ஹீட்டரைப் பார்த்து. தகடு ஹீட்டர் கதிரைத் திருப்பி அனுப்பித் தான் சூடேறாமல் இருக்க வேண்டும். பருப்பைப் பார்க்கும் பக்கத்தை எமரி போட்டு மங்கலாக்குங்கள், பளபளவென்று இருந்தால் அறையின் வேறு மூலையில் இருக்கும் சூட்டைக் கண்ணாடி மாதிரி பருப்பின் மேல் திருப்பிவிடும். தகட்டுக்கும் டக்ட் வாய்க்கும் நடுவே காற்று தடையில்லாமல் போக, டக்ட் வாயின் பரப்பளவுக்குக் குறையாத இடைவெளி விடுங்கள்.